செயினைக் கழற்றும் முன் காடியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இணைப்பில் விலை உயர்ந்த வாட்ச்சின் செயினை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் ஒரு வரி, முந்நூறு ரூபாய்க்கு இருபது கருவிகள் கொண்ட கிட் கிடைக்கிறது, அதை வாங்கினால் வேலை முடிந்தது என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தீர்களே, அங்கேதான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கிட்டை நானும் வாங்கியவன். அது போட்ட கோடு இப்போதும் என் வாட்ச்சில் இருக்கிறது.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்து நான்கு வருடம் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பஞ்ச், டை, ஜிக் என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டியே வயிறு வளர்த்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்தவனே இப்படி ஒரு கூத்தடித்தான் என்றால், சாதாரணமாக ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் தலைமுறைக்கு வாட்ச் என்றால் எச்எம்டி. 1961ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பித்த ஆலையிலிருந்து வந்தவை. என் மாமா எனக்குக் கொடுத்தது எச்எம்டி ஜனதா. அதன் வார் அறுந்துபோனால் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, முள்ளால் நெம்பி, பின்னை வெளியே எடுத்து, பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிய புது வாரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கோடு விழுந்ததா என்று யார் பார்த்தார்கள்? அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது டியூடர் பிளாக் பே 58 என்ற ஸ்விஸ் வாட்ச் ஒன்றை வாங்கி வந்தாள். 39 மி.மீ. அகலம், கறுப்பு முகம், 2018ல் வந்த மாடல். விலையை அவள் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டு நாள் பேங்க் லாக்கரில் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். செயின் கொஞ்சம் தளர்வு, மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு கண்ணியைக் கழற்றினால் சரியாகும். அதோடு வெயில் காலத்துக்கு ஒரு துணிப் பட்டை போடலாமே என்றும் ஆசை. கிட் வந்து சேர்ந்த அன்று மாலையே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வாட்ச்சின் உடம்பிலிருந்து செயினைப் பிடிப்பதற்காக நீளும் நான்கு கொம்புகளை லக் என்பார்கள், நான் காது என்றே எழுதுகிறேன். பழைய டைவிங் வாட்ச்சுகள் பலவற்றில் காதின் வெளிப்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஊசி மாதிரி ஒரு கருவியை விட்டு அழுத்தினால், செயினைக் காதோடு பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த பின் ஒடுங்கிக்கொள்ளும், செயின் கையோடு வந்துவிடும். இதில் ஓட்டை கிடையாது. வாட்ச்சைக் கவிழ்த்துப் போட்டு, செயினின் கடைசிக் கண்ணிக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடுக்கில் கவைக்கோல் மாதிரி நுனி பிளந்த கருவியை விட்டு, பின்னின் தோளை, அதாவது முனையருகே புடைத்திருக்கும் விளிம்பை, தேடிப் பிடித்து உள்பக்கம் தள்ள வேண்டும். கிட்டில் வந்த கவை அந்த இடுக்கில் நுழையவே இல்லை. தடிமன் அதிகம். அப்போதே எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை, கொஞ்சம் அழுத்தினேன். வழுக்கி, காதின் மேல் குறுக்கே ஓடி, என் கட்டை விரலில் போய் நின்றது.

ரத்தம் வந்ததைப் பார்த்து வீட்டம்மா ஓடி வந்தார். "ஏங்க, முனையில இருக்கிற வாட்ச் கடைக்காரர்கிட்ட கொடுத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் கொடுத்திருப்பார்ல?" நான் விரலைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. அதுவும் நீளவாக்கில் மெல்லிய கீறலாகத் தேய்த்து முடித்திருக்கும் பகுதியில் குறுக்கே விழுந்திருந்தது. நீளவாக்கில் விழுந்திருந்தால் அந்தத் தேய்ப்போடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஏன் அவ்வளவு சுலபமாகக் கோடு விழுந்தது என்பது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்டீல் வாட்ச் என்றால் இரும்பு மாதிரி கெட்டி என்று நினைக்கிறோம். பெரும்பாலான நல்ல வாட்ச்சுகள் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகு. ரோலெக்ஸ் 1985ல் இருந்து 904எல் என்ற வகைக்கு மாறத் தொடங்கியது, அதன் சிறப்பு உப்புக்கும் அமிலத்துக்கும் இன்னும் நன்றாகத் தாங்கும் என்பது. இந்த இரண்டு வகையையுமே சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்திக் கெட்டிப்படுத்த முடியாது, அந்த ஜாதியே அப்படி. கருவி செய்கிற எஃகோ சூடாக்கிக் கெட்டிப்படுத்தியது. கெட்டியானதற்கும் மெத்தென்றதற்கும் சண்டை வந்தால் யார் தோற்பார்கள்? தங்கச் செயின் என்றால் கேட்கவே வேண்டாம். இதனால்தான் முதலில் வாங்க வேண்டியது ஒரு சுருள் டேப் என்பேன். பெயின்ட் அடிக்கிறவர்கள் ஓரம் கட்டும் காகித டேப் போதும், இரண்டு அடுக்காகக் காதின் உள்பக்கம், வெளிப்பக்கம், முதுகு எல்லாம் ஒட்டிவிட்டு அப்புறம் கருவியை எடுங்கள். என் கிட்டில் இருபது சாமான் இருந்தன, டேப் இல்லை.

சரி, கருவி. உங்கள் கட்டுரை கருவியிலிருந்து ஆரம்பித்தது, வாட்ச்சிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். உங்கள் செயினின் கண்ணிகளை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கருவியும் வாங்கக் கூடாது. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பத்து மடங்கு வேண்டாம், நான்கைந்து மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும். அதை வைத்துச் செயினின் இரண்டு பக்க விளிம்பையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காடி, அதாவது ஸ்க்ரூ டிரைவர் உட்காரும் பள்ளம், வெட்டிய தலை தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்க்ரூ. ஆனால் இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள், அதில் நிறைய பேர் விழுகிறார்கள். மலிவான செயின்களிலும் சில நல்ல செயின்களிலும் ஸ்க்ரூவே கிடையாது, ஒரு முனை இரண்டாகப் பிளந்த பின் தான் இருக்கும், அந்தப் பிளவு வெறுங்கண்ணுக்கு அச்சு அசல் ஸ்க்ரூ காடி மாதிரியே தெரியும். அதைப் போய்த் திருகினால் திரும்பாது, இன்னும் பலமாகத் திருகுவோம், பின்னின் வாய் கிழிந்துவிடும். செயினின் உள்பக்கம் சின்ன அம்புக்குறி பொறித்திருந்தால் அது பின், அம்பு காட்டும் திசையில் தட்டி எடுக்க வேண்டும், போடும்போது எதிர்த் திசையிலிருந்து போட வேண்டும்.

இன்னொரு வகை, பின்னுக்குள் பின் மாதிரி, நடுவில் ஒரு குட்டிக் குழல் இருக்கும். சீகோவின் பல செயின்களில் இதுதான். பின்னைத் தட்டி எடுத்ததும் அந்தக் குழல் கடுகு மாதிரி உருண்டு எங்காவது போய்விடும், அது இல்லாமல் பின்னைப் போட்டால் பிடிமானமே இருக்காது, இரண்டு நாள் கழித்து நடு ரோட்டில் வாட்ச் கழன்று விழும். ஒமேகாவின் சில செயின்களில் ஒரே தண்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்க்ரூ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும், அதற்கு இரண்டு ஸ்க்ரூ டிரைவரும் மூன்றாவது கையும் தேவை. என் டியூடரில் பக்கவாட்டில் ரிவிட் அடித்தது மாதிரி குமிழ்கள் தெரியும், பழைய காலத்து அழகுக்காக வைத்தது. அதை ரிவிட் என்று நம்பிப் பஞ்ச் வைத்துத் தட்டிவிடாதீர்கள், கண்ணியைப் பூட்டியிருப்பது ஸ்க்ரூதான்.

இப்போது ஸ்க்ரூ டிரைவருக்கு வருகிறேன், இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். முழுக் கட்டுரையில் இதற்கு நீங்கள் கொடுத்தது அரை வரி.

வாட்ச் ஸ்க்ரூ டிரைவர்கள் 0.80, 1.00, 1.20, 1.40, 1.60 மி.மீ. என்று அகல வாரியாக வருகின்றன, பிடியில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிற வளையம் இருக்கும். நல்ல செயின் ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 1.40 அல்லது 1.60 பொருந்தும், ஆனால் என் வார்த்தையை நம்பி வாங்காதீர்கள், வெர்னியர் அளவுகோல் இருந்தால் காடியின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் அலகு, அதாவது அதன் தட்டை நுனி, காடியின் நீளத்தை ஏறக்குறைய முழுசாக நிரப்ப வேண்டும், ஆனால் தலையைத் தாண்டி ஒரு மயிரிழை கூட வெளியே நீட்டக் கூடாது, ஏனென்றால் அந்தத் தலை ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, நீட்டினால் குழியின் சுவரைச் சுரண்டும். இது அகலம். இதைவிட முக்கியம் தடிமன், அதை யாரும் சொல்வதே இல்லை. கடையில் வரும் அலகு பக்கவாட்டில் பார்த்தால் ஆப்பு மாதிரி நுனிக்குப் போகப் போகச் சரிந்திருக்கும். அப்படிப்பட்ட நுனி காடியின் மேல் வாயில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், அடி வரை போகாது. திருப்பும்போது சரிவு வழியாக மேலே ஏறி வெளியே குதிக்கும், குதிக்கும்போது காடியின் ஓரத்தை நசுக்கிக்கொண்டு போகும். காடியின் அடியைத் தொட்டுக்கொண்டு இரண்டு சுவரையும் ஒட்டி நிற்கிற நுனி அப்படி ஏறாது.

அதனால் புது ஸ்க்ரூ டிரைவரை வாங்கியதும் நான் செய்வது, ஆயில் ஸ்டோன் என்ற சாணைக் கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அலகின் நுனியை நேராக நிறுத்தித் தேய்த்து முனையைச் சமதளமாக்குவது, பிறகு இரண்டு முகத்தையும் நுனியில் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒன்றுக்கொன்று இணையாக வரும்படி மெதுவாகத் தேய்ப்பது. ஐந்து தடவை தேய்த்துவிட்டுக் காடியில் வைத்துப் பார்ப்பது, மறுபடி ஐந்து தடவை. வைத்துவிட்டுக் கையை எடுத்தால் ஸ்க்ரூ டிரைவர் சாயாமல் ஒரு நொடி நிற்க வேண்டும், அதுதான் அடையாளம். ஐடிஐயில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் ஓசூரில் டைட்டன் ஆலையில் சேர்ந்தான், 1984ல் டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. லீவுக்கு ஊருக்கு வந்தபோது அவன் சொன்னது இது. நாங்கள் டூல் ரூமில் கட்டைவிரல் தடிமன் போல்ட்டைக் கழற்றுகிறவர்கள், அப்போது அவனைக் கிண்டல் பண்ணினோம்.

கிட்டில் வரும் ஸ்க்ரூ டிரைவரின் எஃகு மோசம் என்பது தேய்க்கும்போதே தெரிந்துவிடும், வெண்ணெய் மாதிரி கரையும். திருப்பினால் அலகு முறுக்கிக்கொள்ளும் அல்லது மூலை உடைந்து காடிக்குள்ளேயே தங்கிவிடும். நல்லதாக ஒன்றே ஒன்று வாங்குங்கள், உங்கள் அளவில். ஸ்விட்சர்லாந்தில் ல லோக்ல் ஊரில் இருக்கும் பெர்ஜான் கம்பெனி 1791ல் இருந்து வாட்ச் வேலைக்குக் கருவி விற்கிறது, அவர்களுடைய ஒற்றை ஸ்க்ரூ டிரைவர் என் கிட்டைப் போலப் பல மடங்கு விலை. ஆனால் அலகு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தலையில் சுழலும் மூடி இருப்பதால் ஆள்காட்டி விரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டே கட்டை விரலாலும் நடுவிரலாலும் திருப்பலாம். அழுத்தம் குறையாமல் திருப்புவதுதான் இந்த வேலையில் பாதி.

திரும்பாத ஸ்க்ரூ ஒன்று எல்லாச் செயினிலும் இருக்கும். பலம் போதவில்லை என்று நினைக்காதீர்கள், மரையில் பசை இருக்கிறது. தானாகக் கழன்றுவிடாமல் இருக்கக் கம்பெனியிலேயே போட்டிருப்பார்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் சூடு காட்டினால் இளகும். இதற்காகத்தான் முதலில் செயினை வாட்ச்சிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்கிறேன், சூடும் முரட்டுத்தனமும் வாட்ச்சின் உடம்புக்குப் போகக் கூடாது. திரும்பப் பூட்டும்போது லாக்டைட் 222 என்ற மரைப் பசை, ஊதா நிறம், சின்ன ஸ்க்ரூக்களுக்கென்றே வந்த பலம் குறைந்த வகை, தீக்குச்சி முனையில் தொட்டு எடுத்த அளவு போதும். ஒரு நாள் முழுக்க இறுகவிட்டுப் பிறகு கட்டுங்கள். சிவப்பு நிறத்தது மோட்டார் போல்ட்டுக்கு, அதைத் தொட்டால் அடுத்த முறை காடிதான் போகும். பசை இல்லாமலே பூட்டலாமே என்றால், துருப்பிடிக்காத எஃகு மரை துருப்பிடிக்காத எஃகு மரையோடு உரசினால் சில சமயம் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும், கழன்று விழுகிற அபாயம் வேறு. எனக்கு அதில் தைரியம் இல்லை.

கடைசியில் நான் போய் நின்றது வீட்டம்மா சொன்ன அதே முனைக் கடையில்தான். கடை என்றால் கண்ணாடிப் பெட்டி ஒன்று, ஸ்டூல் ஒன்று, மேலே குடை. அவர் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கருவி எடுத்தார். ஹேக்சா பிளேடு துண்டை அவரே தேய்த்து நுனியில் அரம் போட்டுக் கவை வெட்டியது, பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கவையின் தடிமனைத் தொட்டுப் பார்த்தேன், என் கிட்டில் இருந்ததில் பாதி இருக்காது. "தள்ளக் கூடாது சார், முதல்ல தோளைத் தேடணும், தட்டுப்பட்டா கையில தெரியும்" என்றார். ஒரு பக்கம் பின்னை ஒடுக்கி அரை மில்லிமீட்டர் வெளியே கொண்டுவந்து அப்படியே நிறுத்தினார், அப்புறம் மறுபக்கம், செயின் சத்தமில்லாமல் கையில் வந்தது. இருபது ரூபாய் கேட்டார். பிறகு அதே மாதிரி ஒன்றை நானும் செய்துகொண்டேன், டூல் ரூம் ஆள் என்ற மானம் இருக்கிறதே. செய்ய முடியாதவர்கள் மெல்லிய கவையுள்ள ஒரு நல்ல கருவியை வாங்குங்கள், நுனி கழற்றி மாற்றுகிற மாதிரி வருவது உத்தமம். கைகள் நடுங்குகிறவர்களுக்குச் சாமணம் மாதிரி ஒன்று வருகிறது, பின்னின் இரண்டு பக்கத் தோளையும் ஒரே நேரத்தில் கவ்வி அமுக்கும். விலை அதிகம், எல்லாச் செயினின் இடுக்கிலும் நுழையாது, நுழைகிற செயினுக்கு அதைப்போல நிம்மதி வேறில்லை.

அப்புறம் அந்த ஸ்பிரிங் பின். லட்சக்கணக்கான ரூபாய் வாட்ச்சை மணிக்கட்டில் தாங்குவது அந்த இரண்டு துளிக் கம்பிகள்தான். முனை வளைந்திருந்தால், அழுத்தினால் துள்ளித் திரும்பாமல் சோம்பலாக வந்தால், யோசிக்காமல் புதிது வாங்குங்கள், தோளுள்ள வகையாக, அதே தடிமனில். கிட்டில் இலவசமாக வரும் பின்களை நான் குப்பையில் போட்டேன். போட்டு முடித்ததும் செயினை இழுத்து, முறுக்கி, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் கையில் கட்ட வேண்டும். துணிப் பட்டை விஷயத்தில் எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகம் 1973ல் அளவு நிர்ணயித்துக் கொடுத்த அந்த ஒற்றைப் பட்டை வகை. வாட்ச்சின் முதுகு வழியாக இரண்டு பின்னுக்கும் அடியில் ஓடுவதால் ஒரு பின் போனாலும் வாட்ச் கையை விட்டுப் போகாது. என் டியூடருக்கு 20 மி.மீ. பட்டை. பட்டையை மாற்றக் கருவியே வேண்டாம், உருவிவிட்டு வேறு செருகினால் ஆயிற்று.

எல்லா வாட்ச்சுக்கும் இந்தச் சிரமம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்டியே 2018ல் சான்டோஸ் வாட்ச்சில் முதுகுப்பக்கம் ஒரு பொத்தான் வைத்தார்கள், அமுக்கினால் செயின் வந்துவிடும், கண்ணிகளையும் அதே மாதிரி பொத்தான் அமுக்கிக் கழற்றலாம். அதற்கு நேர் எதிர், 1972ல் வந்த ஆடமார் பிகே ராயல் ஓக் மாதிரி உடம்பும் செயினும் ஒரே வார்ப்பாகத் தோன்றுகிற வாட்ச்சுகள். அவற்றை வீட்டில் தொட வேண்டாம் என்பது என் கட்சி. அப்படி ஒன்று வைத்திருக்கிறவருக்குச் சர்வீஸ் சென்டருக்கு ஆட்டோ பிடிக்கக் காசு இருக்கும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு ஒரு சின்னக் கட்டத்திலாவது, கிட் வாங்காமல் லென்ஸ், டேப், செயினுக்கு ஏற்ற ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய கவை என்று தனித்தனியாக வாங்கச் சொல்லிப் போடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, தாம்பாளத்தில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு அதன் மேல் வேலை செய்யச் சொல்லுங்கள். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் முதல் முறை சொந்தக் கருவியால் கழற்றியபோது பின் டிங் என்று பறந்தது. கூடத்தில் டார்ச் அடித்து, பாயை உதறி, முழங்காலில் தவழ்ந்து ஒரு மணி நேரம் தேடினேன். மறுநாள் காலை வீட்டம்மா பூஜை அறையிலிருந்து கூப்பிட்டார், குங்குமச் சிமிழில் நட்டமாகக் குத்தி நின்றிருந்தது.

கோட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார்கள், ஆனால் பாலிஷ் என்பது எஃகைத் தேய்த்து எடுப்பதுதானே, காதின் கூர் விளிம்பும் சேர்ந்து மழுங்கும், பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த விளிம்பைத்தான். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை, அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபிட்டர்,
அம்பத்தூர், சென்னை.